முகமூடி வீரர்களும் இரண்டு காசோலைகளும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, முப்பத்தைந்து வருஷம் பாங்கில் இருந்தவர் நீங்க. வருமான வரி, கல்விக் கடன், சேமிப்பு இப்படிப் பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா ஏதாவது ஒரு அரைமணி நேரம் பேசுங்க" என்றார். "தம்பி, அதையெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசி முடித்தாயிற்று. இனிமேல் எனக்குப் பிடித்ததைத்தான் பேசுவதாக உத்தேசம்" என்றேன். "அது எது?" என்றார். "பழைய அமெரிக்க காமிக்ஸில் வருகிற கோமாளித்தனங்கள்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. ஆனாலும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். அவருக்கு என் நன்றி. பாங்கைப் பற்றி ஒன்றுமே பேசாமல் விட்டுவிடுவேனோ என்று அவர் கவலைப்பட வேண்டாம். இந்தப் பேச்சில் இரண்டு காசோலைகள் வருகின்றன.

முதல் காசோலையை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்பைடர்மேன் முதன்முதலில் தலைகாட்டியது 1962-ல். மறு ஆண்டு, 1963 மார்ச் மாத இதழாக, அவன் பெயரிலேயே தனிப் புத்தகம் வந்தது. எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அந்த முதல் இதழில் நம் கதாநாயகன் பீட்டர் பார்க்கர் வீட்டில் கஷ்டம். சித்தப்பா செத்துப்போனார். வீட்டு வாடகை கொடுக்கப் பணம் இல்லை. பையன் முகமூடி மாட்டிக்கொண்டு மேடையில் வித்தை காட்டுகிறான். நிகழ்ச்சி நடத்தியவர், வருமான வரிக் கணக்குக்கு வேண்டும் என்று ரொக்கமாகத் தராமல் ஸ்பைடர்மேன் என்ற பெயருக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிடுகிறார். பையன் அதே உடையில் பாங்குக்குப் போய் வரிசையில் நிற்கிறான். கவுண்டரில் இருந்தவர் அடையாளச் சான்று கேட்கிறார். "என் உடையைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்கிற பாவனையில் இவன் நிற்கிறான். உடையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரலாமே என்று அவர் காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சுவரில் ஏறுகிறவன், கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிறவன், ஒரு பாங்கு குமாஸ்தாவிடம் தோற்றுத் திரும்புகிறான்.

எனக்கு எந்தச் சூப்பர் ஹீரோ கதையிலும் பிடித்த பாத்திரம் அந்தக் குமாஸ்தாதான். உலகத்தைக் காப்பாற்றுகிறவனாக இருந்தாலும் அடையாளச் சான்று இல்லாமல் பணம் கிடையாது. எங்கள் இனத்தின் பெருமையை அமெரிக்காக்காரன் ஒரே கட்டத்தில் வரைந்துவிட்டான்.

நண்பர்களே, இந்தப் பழைய புத்தகங்களில் இப்படிப்பட்ட கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சிலவற்றில் சிரிக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்கள். பலவற்றில் அவர்கள் ரொம்ப சீரியஸாக எழுதியது நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. இப்போது ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து செல்போனில் அனுப்பி, "என்ன மடத்தனம் பாரு" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் சிரிக்கிறேன். ஆனால் முழுக் கதையையும், அது எந்த நிலைமையில் எழுதப்பட்டது என்பதையும் தெரிந்துகொண்டால், ஒவ்வொரு கிறுக்குத்தனத்துக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருப்பது தெரியும். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கப்போகிறேன்.

சூப்பர்மேனில் ஆரம்பிப்போம். 1938 ஜூன் மாதத் தேதியிட்டு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவன் பிறந்தான். பெற்றவர்கள் கிளீவ்லாந்து நகரத்தைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள். ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். இன்றைய பிள்ளைகள் ஆச்சரியப்படுவீர்கள்: அந்தச் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது! தாவத்தான் தெரியும். ஒரு தாவலில் எட்டில் ஒரு மைல் போவான், அவ்வளவுதான். இது எப்படிச் சாத்தியம் என்பதற்கு அந்த முதல் கதையிலேயே விஞ்ஞான விளக்கம் வேறு கொடுத்திருக்கிறார்கள். எறும்பு தன் எடையைப்போலப் பல மடங்கு தூக்குகிறது, வெட்டுக்கிளி தன் உயரத்தைப்போலப் பல மடங்கு தாவுகிறது. ஆகவே இவனும் செய்வான்! உலகத்தையே காக்க வந்தவனுக்குச் சாட்சி சொல்ல ஒரு வெட்டுக்கிளி. பிறகு 1941-ல் பிளைஷர் நிறுவனத்தார் அவனை அசையும் சித்திரமாகத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். தாவித் தாவிப் போவதைவிடப் பறப்பது கண்ணுக்கு அழகாக இருந்தது. புத்தகத்திலும் பறக்க ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம் அந்த மூக்குக்கண்ணாடி. ஒரு கண்ணாடியை மாட்டினால் கிளார்க் கென்ட், கழற்றினால் சூப்பர்மேன். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற லோயிஸ் லேனுக்குக்கூட அடையாளம் தெரியாது. "அது எப்படிய்யா தெரியாமல் போகும்?" என்று நாற்பது வருஷம் உலகமே கேட்டது. கடைசியில் 1978-ல், சூப்பர்மேன் 330-ஆம் இதழில் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். சூப்பர்மேன் தன்னையறியாமலே எல்லோரையும் கண்ணாலேயே வசியம் செய்கிறானாம். அவன் கிரகத்துக் கண்ணாடி வழியாக வரும்போது அந்த வசியத்தின் வீரியம் கூடுகிறதாம். விளக்கம் கேட்காமலே இருந்திருக்கலாம் போலிருக்கிறதே என்று வாசகர்களுக்கு ஆகிவிட்டது.

மறதிக் கதைகளுக்கு வருவோம். ஸ்டான் லீ மாதத்துக்கு ஒரு டஜன் புத்தகங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர். பாத்திரங்களின் பெயர் மறந்துவிடக் கூடாது என்று ஓர் உபாயம் செய்தார். பீட்டர் பார்க்கர், புரூஸ் பேனர், ரீட் ரிச்சர்ட்ஸ் என்று பெயரின் இரண்டு பாகத்துக்கும் ஒரே முதலெழுத்து. நம்ம ஊர் மோனை மாதிரி. அப்படியும் மறந்தார்! நான் சொன்ன அதே முதல் ஸ்பைடர்மேன் இதழில் ஓரிடத்தில் பீட்டர் பார்க்கர், பீட்டர் பால்மர் ஆகிவிட்டான். ஹல்க் ஆக மாறுகிற புரூஸ் பேனர் சில இதழ்களில் பாப் பேனர் ஆனார். வாசகர்கள் கடிதம் எழுதிப் பிடித்துக்கொண்டார்கள். லீ அசரவில்லை. அவருடைய முழுப் பெயரே ராபர்ட் புரூஸ் பேனர்தான் என்று அறிவித்துவிட்டார். ராபர்ட்டைச் செல்லமாகப் பாப் என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். பிரச்சினை தீர்ந்தது. எங்கள் பாங்கில் பெயர் மாற்றத்துக்குப் பிரமாணப் பத்திரம் கேட்போம்.

அந்த ஹல்க் 1962-ல் முதல் இதழில் பச்சை நிறமே இல்லை, சாம்பல் நிறம். அன்றைய அச்சில் சாம்பல் நிறம் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு மாதிரி விழுந்தது. பார்த்தார்கள், இரண்டாம் இதழிலிருந்து பச்சை ஆக்கிவிட்டார்கள். இன்று உலகமெங்கும் குழந்தைகளுக்குத் தெரிந்த அந்தப் பச்சை, மை சரியாக விழாததால் வந்தது. அச்சகம் வைத்திருக்கிற நம் நண்பர்கள் சிலர் இங்கே தலையாட்டுகிறார்கள். அவர்களுக்குப் புரியும்.

இப்படித் தவறு கண்டுபிடித்து எழுதுகிற வாசகர்களை என்ன செய்வது? 1960-களில் ஸ்டான் லீ 'நோ பிரைஸ்' என்று ஒரு பரிசு ஏற்படுத்தினார். அதாவது 'இல்லாத பரிசு'. நாளடைவில், தவறைச் சுட்டிக்காட்டுவதோடு, "இது தவறே இல்லை, இப்படி எடுத்துக்கொண்டால் சரியாக வரும்" என்று சமாதானமும் கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு அந்தப் பரிசு என்று ஆயிற்று. 1967 முதல் பரிசு தபாலிலேயே வந்தது. அழகான உறை. 'இதனுள் அசல் இல்லாத பரிசு இருக்கிறது' என்ற பொருளில் மேலே அச்சிட்டிருக்கும். பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அதுதானே இல்லாத பரிசு! உறை காலியாக வந்துவிட்டது என்று புகார் எழுதிய வாசகர்களும் உண்டு. நண்பர்களே, பிறர் தவறைக் கண்டுபிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். அதற்கு ஒரு நல்ல சமாதானமும் தேடித் தருகிறவனுக்குப் பரிசு என்று வைத்தார் பாருங்கள், அதை நான் வெறும் வேடிக்கையாக நினைக்கவில்லை.

இனி குரங்கு. மார்வெல் கம்பெனிக்குப் போட்டிக் கம்பெனி டி.சி. அங்கே ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்று ஓர் ஆசிரியர். 1951-ல் அவருடைய விஞ்ஞானக் கதைப் புத்தகம் ஒன்றின் அட்டையில் மனித மூளை படைத்த ஒரு கொரில்லாவைப் போட்டார்கள். புத்தகம் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் விற்பனைக் கணக்குக்குக் காரணம் தேவையில்லையே? அங்கிருந்த மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் எனக்கும் கொரில்லா, எனக்கும் கொரில்லா என்று கிளம்பிவிட்டார்கள். கடைசியில் மாதத்துக்கு ஒரு கொரில்லா அட்டைக்கு மேல் கூடாது என்று ரேஷன் போட வேண்டியதாயிற்று என்று ஷ்வார்ட்ஸே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மின்னல் வேக ஃபிளாஷுக்கு 1959-ல் ஒரு வில்லன் வந்தான். யார்? கிராட் என்ற மகா புத்திசாலிக் கொரில்லா. சூப்பர்மேனின் தோழன் ஜிம்மி ஓல்சன், பாவம், 1966-ல் ஓர் இதழில் கொரில்லாவுக்கே மாலை மாற்ற வேண்டியதாயிற்று. அதே ஜிம்மி 1961-ல் ராட்சத ஆமை மனிதனாகவும் மாறியிருக்கிறார். பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்க்கிற பையனுக்கு இவ்வளவு சோதனை கூடாது.

இதெல்லாம் எப்படி வந்தது என்றால், அந்த ஆசிரியர்கள் பல சமயம் முதலில் அட்டையைத்தான் முடிவு செய்வார்கள், கதையை அல்ல. கடையில் நிற்கிற பையன் "அய்யோ, இது எப்படி?" என்று எடுக்கிற மாதிரி ஒரு படம் போடச் சொல்லிவிட்டு, பிறகு எழுத்தாளரைக் கூப்பிட்டு, "இதற்கு ஒரு கதை எழுது" என்பார்கள். பரீட்சையில் விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பிறகு கண்டுபிடிப்பது போல. நம்மில் பலருக்கு அந்த முறை பழக்கமானதுதான். ஃபிளாஷ் 1966-ல் ஓர் இதழ் அட்டையில் கதையையே மறந்துவிட்டு, கையை நீட்டி வாசகனையே தடுத்து, 'இந்தப் புத்தகத்தை வாங்காமல் போய்விடாதே, என் உயிரே உன் கையில்தான் இருக்கிறது' என்று கெஞ்சுகிறான். நம் சங்கத்தின் ஆயுள் சந்தா விண்ணப்பத்திலும் அந்தப் படத்தைப் போடலாம் என்று பொருளாளருக்குப் பரிந்துரைக்கிறேன்.

இப்போது கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஏனென்றால் 1950-களின் பைத்தியக்காரத்தனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வேடிக்கையான காரணம் அல்ல.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில், பிள்ளைகள் கெட்டுப்போவது காமிக்ஸால்தான் என்று ஓர் அலை கிளம்பிற்று. 1948-ல் சில ஊர்களில் காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். பிள்ளைகளையே கொண்டுவந்து போடச் சொல்லி எரித்தார்கள். 1954-ல் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் 'செடக்ஷன் ஆஃப் தி இன்னொசன்ட்' என்று ஒரு நூலை வெளியிட்டார். தன்னிடம் வந்த பிள்ளைகளின் வாக்குமூலங்கள்தாம் ஆதாரம் என்றார். அதே ஆண்டு அந்நாட்டு செனட் சபையின் துணைக்குழு விசாரணை வைத்தது. பதிப்பாளர்கள் பயந்துபோய், அரசு கட்டுப்பாடு கொண்டுவருவதற்குள் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித் தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். ரத்தக் காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது, புத்தகத் தலைப்பில் திகில் என்ற சொல்லே கூடாது, குற்றத்தின் விவரம் கூடாது, அதிகாரிகளைக் கேலி செய்யக் கூடாது. பல புத்தகங்கள் நின்றுபோயின. எத்தனையோ ஓவியர்களும் எழுத்தாளர்களும் அந்தத் தொழிலை விட்டே போனார்கள்.

அந்த மருத்துவர் இறந்தபின் அவருடைய மூலக் குறிப்புகள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கேரல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியை அவற்றை நூலோடு ஒப்பிட்டுப் பார்த்து 2012-ல் எழுதினார். பிள்ளைகள் சொன்னதை நூலில் பல இடங்களில் மாற்றியும், சேர்த்தும், குறைத்தும் எழுதியிருக்கிறார் என்று காட்டினார். கணக்குப் புத்தகத்தில் இப்படிச் செய்தால் அதற்கு என்ன பெயர் என்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது அந்த விதிகளோடு பேட்மேன் கதை எழுத வேண்டிய மனிதரை நினைத்துப் பாருங்கள். இருட்டில் வந்து திருடனைப் பயமுறுத்துகிறவன் பேட்மேன். இனி இருட்டும் கூடாது, பயமும் கூடாது. மாதாமாதம் புத்தகமோ வந்தாக வேண்டும். அவர் என்ன செய்வார்? 1957 மார்ச் இதழில் பேட்மேன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறத்தில் உடை உடுத்தி வருகிறான். இன்று சிவப்பு, நாளை பச்சை, மறுநாள் ரோஸ். கடைசியில் வானவில் மாதிரி வரிவரியாக. தனியாக அந்தப் படத்தைப் பார்த்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஆனால் காரணத்தைக் கேளுங்கள். அவனுடைய வளர்ப்புப் பையன் டிக், சாதாரணப் பையனாக இருக்கும்போது ஒரு சிறுமியைக் காப்பாற்றப் போய்க் கையில் அடிபட்டுக்கொள்கிறான். ராபின் கையிலும் அதே காயம் இருப்பதை யாராவது கவனித்துவிட்டால் குட்டு உடைந்துவிடும். ஆகவே எல்லோர் கண்ணும் தன் மேலேயே இருக்கட்டும், பையன் கையை யாரும் பார்க்க வேண்டாம் என்று அவன் கோமாளி உடை போட்டுக்கொண்டு நிற்கிறான். பிள்ளையின் காயத்தை ஊர் பார்த்துவிடக் கூடாதென்று தன்னைக் கேலிப்பொருளாக்கிக்கொண்ட தகப்பன்! இது தெரிந்த பிறகும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் வேறு மாதிரிச் சிரிப்பு.

பேட்மேனின் நாய் ஏஸுக்கும் 1955-ல் முகமூடி போட்டார்கள். நாய்க்கு எதற்கு முகமூடி? அது வழிதவறி வந்த நாய். அதன் சொந்தக்காரரைத் தேடி, பேட்மேனாகிய புரூஸ் வெய்ன் தன் பெயரிலேயே ஊரெல்லாம் விளம்பரம் கொடுத்துவிட்டார். நெற்றியில் நட்சத்திர அடையாளம் வேறு. முகமூடி இல்லாமல் கூட்டிப்போனால், "இது வெய்ன் வீட்டு நாயல்லவா?" என்று திருடன் கண்டுபிடித்துவிடுவான். சரிதானே? சூப்பர்மேன் பக்கம் 1962-ல் சூப்பர் நாய், சூப்பர் பூனை, சூப்பர் குரங்கு, சூப்பர் குதிரை நான்கும் சேர்ந்து ஒரு சங்கமே அமைத்தன. அவர்களுக்குச் செயற்குழுத் தேர்தலில் தகராறு வந்ததாகத் தகவல் இல்லை.

கட்டுப்பாட்டு விதிகளும் தம் பங்குக்கு வேடிக்கை காட்டின. மார்வ் வுல்ஃப்மேன் என்று ஓர் எழுத்தாளர். அவர் குடும்பப் பெயரே 'ஓநாய் மனிதன்' என்று பொருள்படும். 1970 வாக்கில் ஓர் இதழில் அந்தப் பெயர் வந்ததும், ஓநாய் மனிதன் கூடாதே என்று தணிக்கையாளர்கள் ஆட்சேபித்தார்கள். ஐயா, அது பூதம் இல்லை, எழுதியவர் பெயர் என்று சொன்னதும், அப்படியானால் எழுதியவர் என்று தெளிவாகப் பெயரைப் போடுங்கள் என்றார்கள். எழுத்தாளர் பெயரை வழக்கமாகப் போடாத அந்தப் புத்தகத்தில் தணிக்கையின் புண்ணியத்தால் ஒரு பெயர் அச்சேறிற்று. 1971-ல் விதிகளைத் தளர்த்தினார்கள். இலக்கியத்தில் இடம்பெற்ற காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் அனுமதி. ஜோம்பி என்கிற நடைப்பிணத்துக்கு இலக்கியப் பாரம்பரியம் போதாதென்று அனுமதி இல்லை. மார்வெல்காரர்கள் அதை 'சுவெம்பி' என்று பெயர் மாற்றிவிட்டு நிம்மதியாக நடமாடவிட்டார்கள். விதிகளோ மெல்ல மெல்லத் தேய்ந்து 2011-ல் யாருமே பின்பற்றாமல் மறைந்தன.

சிரிப்பு நெஞ்சில் இடறுகிற இடங்களும் உண்டு. வொண்டர் வுமன் 1941-ல் பிறந்தவள். படைத்தவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற மனவியலாளர். பொய்யைக் கண்டுபிடிக்க ரத்த அழுத்தத்தை அளக்கும் சோதனையை உருவாக்கியவர் அவர். அதனால்தானோ என்னவோ, அவர் நாயகியின் கயிற்றில் கட்டுண்டவன் உண்மையைத்தான் பேசுவான். இவ்வளவு வல்லமை படைத்தவளை 1942-ல் வீரர்களின் சங்கத்தில் சேர்த்தார்கள். என்ன பதவி கொடுத்தார்கள் தெரியுமா? செயலாளர். ஆண்களெல்லாம் சண்டைக்குக் கிளம்புவார்கள். அவர்களில் பலரையும் ஒரு கையால் தூக்கக்கூடியவள் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதுவாள். இங்கே அமர்ந்திருக்கும் தங்கையர் சிலர் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காததுதான் சரி. எண்பது ஆண்டுக்கு முந்தைய அந்தக் கட்டத்தை இன்று எந்த அலுவலகத்திலும் பார்க்க முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1964 பிப்ரவரி மாத 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' இதழில் ஒரு கதை. ஒரு விழாவில் சூப்பர்மேனும் கிளார்க் கென்ட்டும் ஒரே மேடையில் தோன்றியாக வேண்டிய நெருக்கடி. ஒருவனே இருவராக எப்படி நிற்பது? சூப்பர்மேன் தன் ரகசியத்தை ஒரு பெரிய மனிதரிடம் சொல்லி, அவரைக் கிளார்க் வேஷத்தில் வந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறான். அவர் யார்? அமெரிக்க ஜனாதிபதி கென்னடி! ஜனாதிபதியையே நம்பாவிட்டால் வேறு யாரை நம்புவது என்பது அவன் வாதம். படித்தால் சிரிப்புத்தான். ஆனால் அச்சு வேலைகள் மாதக்கணக்கில் முன்கூட்டியே நடப்பவை. கென்னடி 1963 நவம்பர் 22-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இதழ் கடைக்கு வந்தபோது அவர் இல்லை. ஒரு தேசம் துக்கத்தில் இருக்க, அதன் தலைவர் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்காக வேஷம் போட்டு நிற்கிறார். அதை வாங்கிப் படித்த பையன் என்ன நினைத்திருப்பான் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

நம்ம ஊர் சமாசாரம் ஒன்றும் இல்லையா என்று பின்வரிசையில் கேட்கிறீர்கள். ஏன் இல்லை? 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழ் வந்தது. 'இரும்புக்கை மாயாவி'! அதோ, கைதட்டுகிறவர்களுக்கெல்லாம் தலை நரைத்திருக்கிறது. 1962 முதல் 'வேலியண்ட்' என்ற இங்கிலாந்து வாரப் பத்திரிகையில் வந்த கதை அது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். நம் விடுதியில் அன்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. மாயாவி நம் ஊருக்கு வந்து, மறைய வேண்டிய நேரத்தில் கரண்ட் கட்டானால் என்ன ஆகும்? மின்வாரியத்துக்குப் பிற்காலத்தில் வேலைக்குப் போன நண்பர் ஒருவர் அந்த விவாதத்தில் தீவிரமாகக் கலந்துகொண்டார். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

1984-ல் வந்த லயன் காமிக்ஸைப் படித்தவர்களுக்கு ஸ்பைடர் என்ற கூர்மண்டையனைத் தெரியும். மேலே சொன்ன ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறு. கொள்ளையர்களின் அரசனாக வர ஆசைப்பட்டு, பிறகு நல்லவன் ஆனவன். இங்கிலாந்தில் அவன் கதைகளைப் பெருமளவு எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல்தான்! சூப்பர்மேனைப் படைத்தவர் எதற்காக இன்னொரு நாட்டு வாரப் பத்திரிகைக்கு ஸ்பைடர் எழுதிக்கொண்டிருந்தார்? இங்கேதான் என் இரண்டாவது காசோலை வருகிறது.

1938 மார்ச் 1-ஆம் தேதியிட்ட காசோலை. தொகை 412 டாலர். அதில் 130 டாலர் சூப்பர்மேனுக்கு. மீதி மற்ற வேலைகளுக்கு. அந்த 130 டாலருக்கு அந்த இரண்டு பையன்களும் சூப்பர்மேனின் சகல உரிமைகளையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காசோலையில் இருவர் பெயரையும் எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். ஆகவே பின்பக்கம் பிழையாக ஒருமுறை, சரியாக ஒருமுறை என்று இரண்டிரண்டு கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. ஸ்பைடர்மேன் காசோலை பெயர்ப் பிரச்சினையில் திரும்பிவிட்டது. இந்தக் காசோலை பெயர் தப்பாக இருந்தும் பாஸாகிவிட்டது. திரும்பியிருக்கக் கூடாதா என்று என் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அதன் பிறகு வழக்கு, வேலையிழப்பு. புத்தகத்திலிருந்து அவர்கள் பெயரே எடுக்கப்பட்டது. 1959 வாக்கில் சீகல் திரும்பி வந்து, பெயரில்லாமல், தான் பெற்ற பிள்ளைக்கே கூலிக்குக் கதை எழுதினார். உரிமையைத் திரும்பக் கேட்டதும் அதுவும் போயிற்று. 1975-ல் பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் திரைப்படம் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது சீகல் கலிபோர்னியாவில் ஒரு குமாஸ்தா. ஷஸ்டருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. சூப்பர்மேனுக்கு சுவர் தாண்டிப் பார்க்கும் கண்ணை வரைந்தவர் அவர். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் முன்னின்று போராடினார்கள். அந்த டிசம்பரில் கம்பெனி இறங்கிவந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம். சூப்பர்மேன் வருகிற இடத்திலெல்லாம் இருவர் பெயரும் போட வேண்டும். ஷஸ்டர் 1992-லும் சீகல் 1996-லும் காலமானார்கள். பேட்மேனைப் பாதி படைத்த பில் ஃபிங்கருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அவர் 1974-ல் இறந்தார். அவர் பெயரைப் போட கம்பெனி ஒப்புக்கொண்டது 2015-ல். முகமூடி நாயின் கதையை எழுதியவரும் அவர்தான்.

அந்த 412 டாலர் காசோலையை 2012-ல் ஏலம் விட்டார்கள். வெறும் தாள். செல்லாத காசோலை. 1,60,000 டாலருக்குப் போயிற்று.

1958-ல் ஒரு சூப்பர்மேன் கதை உண்டு. அவன் சக்தியெல்லாம் போய்விடுகிறது. பதிலுக்கு அவன் கையிலிருந்து விரல் உயரத்தில் ஒரு குட்டிச் சூப்பர்மேன் கிளம்பி எல்லாச் சாகசமும் செய்கிறான். ஊரே குட்டியைக் கொண்டாடுகிறது. பெரியவன் சும்மா நிற்கிறான், பொறாமைப்படுகிறான். அந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் முன்பு வயிறு வலிக்கச் சிரிப்பேன். சீகல், ஷஸ்டர் கதை தெரிந்த பிறகு, அந்தப் பெரியவன் முகத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்க்கிறேன்.

தம்பி, தங்கையரே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சிரியுங்கள். ஒரு வேலையைச் செய்தவனைப் பார்த்துச் சிரிக்கும் முன்னால், அவனுக்கு எத்தனை நாள் கெடு கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எதையெல்லாம் செய்யாதே என்றார்கள் என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். அதற்கப்புறமும் சிரிப்பு வந்தால் அது நல்ல சிரிப்பு. இன்னொன்று, இதைப் பாங்குக்காரனாகச் சொல்கிறேன்: நாளைக்கு நீங்கள் எழுதுகிற நிரலோ, வரைகிற படமோ, கண்டுபிடிக்கிற கருவியோ யாராவது விலைக்குக் கேட்டால், கையெழுத்துப் போடும் முன்னால் தாளை முழுசாகப் படியுங்கள். புரியாவிட்டால் படித்தவரிடம் காட்டுங்கள். இந்தச் சங்கத்தில் வழக்கறிஞர்கள் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். கட்டணம் கேட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

என்னிடம் இருக்கும் பழைய காமிக்ஸ் புத்தகங்களில் நாற்பதை விடுதி வாசகசாலைக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்திருக்கிறேன். காப்பாளர் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும், எழுதியவர், வரைந்தவர் பெயரை எனக்குத் தெரிந்த மட்டும் என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். பலவற்றில் அச்சிட்டவர்கள் அதைப் போடவில்லை. அந்தச் சீட்டை யாரும் கிழித்துவிடாதீர்கள்.